நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வு: தேதி எப்போது வாங்குவது?

மே நடுவில் எஃப்.என்.பி. (குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்) படிப்பு முடிகிறது. சூட்டோடு சூடாக எழுதிவிடு என்கிறார்கள் சிலர். மூன்று மாதம் ஆற அமரப் படி என்கிறார்கள் சிலர். எனக்கு வாரம் மூன்று இரவு, 12 மணி நேர ஷிஃப்ட். எதைக் கேட்பது?
— வாசகி, டெக்சாஸ்

ஜூலை நடுவில் எழுதுங்கள். மூன்று இரவு வேலையும் மறுநாள் தூக்கமும் போனால், உங்கள் கையில் உருப்படியாக நிற்பது இரண்டரை நாள். அதில் வாரம் 11, 12 மணி நேரம் படிக்கலாம். அதற்கு மேல் திட்டம் போட்டால் தாளோடு நின்றுவிடும். முதல் வாரம் ஓய்வுக்கு விட்டு, எட்டு வாரம் படித்தால் கிட்டத்தட்ட 90 மணி நேரம். கிளினிக்கல் பயிற்சியை முடித்த கையோடு படிப்பவருக்கு அது தாராளம்.

மூன்று மாதத்துக்கு மேல் ஏன் வேண்டாம் என்கிறோம்? மறதி ஒரு காரணம். வார்டு வேலைக்குத் திரும்பியதும் பழைய நர்ஸ் மூளை வந்து உட்கார்ந்துகொள்வது அதைவிடப் பெரிய காரணம். "டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள்", "தொடர்ந்து கண்காணியுங்கள்" என்ற விடைகள் சரியாகத் தோன்ற ஆரம்பிக்கும். இந்தத் தேர்வில் மருந்தும் டோஸும் முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

விண்ணப்ப வேலையை இப்போதே தொடங்குங்கள். இந்தச் சான்றிதழ்த் தேர்வை ஏ.ஏ.என்.பி.சி.பி., ஏ.என்.சி.சி. என்ற இரண்டு அமைப்புகள் தனித்தனியாக நடத்துகின்றன. படிப்பு முடிவதற்கு ஆறு மாதம் முன்பே ஏ.ஏ.என்.பி.சி.பி.யில் விண்ணப்பிக்கலாம். ஆனால் பட்டம் வழங்கப்பட்டதைக் காட்டும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேராமல் சான்றிதழ் வராது. பல்கலைக்கழக அலுவலகம் அதை அனுப்ப எத்தனை நாள் எடுக்கும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அனுமதி வந்த பிறகு தேர்வு எழுத ஏ.ஏ.என்.பி.சி.பி. தரும் கெடு 120 நாள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர் இருக்கும், பல்கலைக்கழகப் பதிவில் இனிஷியல் மட்டும் இருக்கும். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் தேர்வு மையத்தில் நீட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ, அதைப் பார்த்தே விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

இன்னும் மூன்று வாரத்தில் தேர்வு. மாதிரித் தேர்வில் 64 சதவீதம்தான் வருகிறது. தேதியைத் தள்ளிவைக்கலாமா?
— வாசகர், நியூ ஜெர்சி

64 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தவறிய ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: தெரியவில்லை, சரியாக வாசிக்கவில்லை, சரியான விடையை மாற்றிவிட்டேன்.

ஓர் உதாரணம். 10 மாதக் குழந்தை. இரண்டு காதிலும் செவிப்பறை சிவந்து புடைத்திருக்கிறது. காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸ். ஒவ்வாமை கிடையாது, சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்ததும் இல்லை. பலர் "48 முதல் 72 மணி நேரம் காத்திருந்து பார்ப்பது" என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். காய்ச்சல் 39ஐத் தொடவில்லை, ஆகவே தீவிரமில்லை என்பது அவர்கள் கணக்கு. அதுவரை சரிதான். ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே இரண்டு காதிலும் தொற்று இருந்தால் காத்திருக்கக் கூடாது. அமாக்சிசிலின், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 90 மில்லிகிராம், 10 நாள். ஒரு காதில் மட்டும் இருந்திருந்தால் காத்திருப்பதும் ஏற்கத்தக்க வழியே. இங்கே தவறியவருக்குப் பாடம் தெரியும். வயதையும் "இரண்டு" என்ற சொல்லையும் கண் தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட தவறுகள் பாதிக்கு மேல் இருந்தால் தேதியை மாற்ற வேண்டாம். விடைகளைப் பார்க்கும் முன் வயது, கர்ப்பம், ஒவ்வாமை, சிறுநீரகம் இந்த நான்கையும் தேடும் பழக்கத்தை மூன்று வாரத்தில் கொண்டுவந்துவிடலாம்.

"தெரியவில்லை" என்பதே அதிகமாக இருந்து, அதுவும் இதயம், நுரையீரல், நாளமில்லாச் சுரப்பி என்று பெரிய பாடங்களில் பரவியிருந்தால் நான்கு வாரம் தள்ளுங்கள். தள்ளும் முன் உங்கள் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள்.

அதுவரை பார்த்திராத கேள்விகளில், அடுத்தடுத்த இரண்டு முழுத் தேர்வில் 75ஐத் தாண்டினால் போய் எழுதலாம் என்பது எங்கள் அளவுகோல். ஒரே கேள்வித் தொகுப்பை மூன்றாம் முறை போட்டு வாங்கும் 88 மனப்பாட மதிப்பெண். ஏ.ஏ.என்.பி.சி.பி.யில் 200 முதல் 800 வரையுள்ள அளவில் 500 எடுத்தால் தேர்ச்சி; அது கேள்வித்தாளின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்த மதிப்பெண், சதவீதக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

நேரத்தையும் பழகுங்கள். ஏ.ஏ.என்.பி.சி.பி.யில் 150 கேள்வி, மூன்று மணி நேரம். ஏ.என்.சி.சி.யில் 175 கேள்வி, மூன்றரை மணி நேரம். எதை எழுதினாலும் கேள்விக்கு 72 விநாடிதான். 50 கேள்வியை ஒரு மணி நேரத்தில் முடித்துப் பழகினால் இரண்டுக்கும் ஆகும்.

ஏ.ஏ.என்.பி.சி.பி., ஏ.என்.சி.சி. இரண்டில் எது எளிது?
— வாசகி, இல்லினாய்

இரண்டும் ஒரே வேலைக்குத்தான் வழி. கிளினிக்கில் கைதேர்ந்தவர்கள் ஏ.ஏ.என்.பி.சி.பி. பக்கம் போவார்கள். ஆய்வு, கொள்கை, தொழில்முறைப் பொறுப்பு போன்றவற்றில் கொஞ்சம் கேள்வி வந்தாலும் கவலையில்லை என்பவர்கள் ஏ.என்.சி.சி. எழுதலாம். வேலைக்குச் சேரப்போகும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பணம் கட்டுவது வீண்.

அக்டோபரில் ஏ.ஏ.என்.பி.சி.பி. எழுதித் தவறிவிட்டேன். டிசம்பரிலேயே மறுபடி எழுதலாமா?
— வாசகி, ஜார்ஜியா

அங்கே ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு முறை எழுதலாம். ஆகவே டிசம்பரில் எழுத விதி தடுக்காது. ஆனால் மதிப்பெண் அறிக்கை பலவீனம் என்று காட்டும் பகுதிகளில் 15 மணி நேரத் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும். தேர்வுக்கு முன் சேர்த்த மணிகளைக் காட்டினால் எடுபடாது. தவறிய பிறகு படித்ததாக இருக்க வேண்டும். அந்த 15 மணி நேரத்தைச் சும்மா ஓடவிடும் வீடியோவாகக் கழிக்காமல், அதே பகுதிகளில் 300 கேள்வியாவது போடுங்கள். பண்டிகைக் கால ஷிஃப்ட்டுகளுக்கு நடுவே இது நடக்காது என்றால் ஜனவரி கடைசி நல்லது. புது ஆண்டின் இரண்டு வாய்ப்பும் முழுசாக இருக்கும். (ஏ.என்.சி.சி.யில் கணக்கு வேறு: 60 நாள் இடைவெளி, 12 மாதத்தில் மூன்று முறை.)

காலையில் எழுதுவதா, மதியமா?
— வாசகர், கலிஃபோர்னியா

இரவு ஷிஃப்ட்காரர் என்றால் மதியம். தேர்வுக்கு முந்தைய ஐந்து இரவும் விடுப்பு எடுக்க முடிந்தால் மட்டும் காலை எட்டு மணி இடத்தை வாங்குங்கள்.