12 லட்சம் வரை வரி இல்லை. அப்படியானால் கல்விக் கடன் சலுகை யாருக்கு?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஆண்டுச் சம்பளம் 14.5 லட்சம். மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனுக்கு வாங்கிய 8 லட்சம் கல்விக் கடனுக்கு வருடம் சுமார் 80,000 ரூபாய் வட்டி கட்டுகிறோம். மகள் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் அப்பா என் பெயருக்கு எழுதிக்கொடுத்த ஒன்றரை ஏக்கர் காபித் தோட்டம் அங்கே இருக்கிறது. காபியை வறுத்து அரைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். டி.வி.யில் நாடாளுமன்ற விவாதம் பார்த்தால் ஒருவர் "12 லட்சம் வரை வரியே இல்லை" என்கிறார். இன்னொருவர் "பிள்ளைகளைப் படிக்க வைக்கிற குடும்பத்துக்கு இருந்த சலுகையெல்லாம் போச்சு" என்கிறார். புதிய வருமான வரிச் சட்டத்தில் கல்விக் கடன் சலுகையையே எடுத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறது. எதை நம்புவது? எங்களுக்கு எந்த முறை லாபம்?

பதில்: அந்த இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் புதிய வரி முறையைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் அந்த முறையில் எதெல்லாம் கிடையாது என்று பேசுகிறார். வாட்ஸ்அப் செய்திதான் தவறு.

முதலில் அந்த வதந்தியை முடித்துவிடலாம். 'புதிய சட்டம்' வேறு, 'புதிய முறை' வேறு. முறை என்பது வரியைக் கணக்கிடும் வழி. பழைய முறையில் கழிவுகள் நிறைய உண்டு, புதிய முறையில் பெரும்பாலான கழிவுகள் இல்லை, ஆனால் வரி விகிதம் குறைவு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த வருமான வரிச் சட்டம் 2025, இந்த 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11 அன்று எதிர்க்கட்சிகளின் அமளிக்கு நடுவே, விரிவான விவாதம் இல்லாமலே மக்களவையில் நிறைவேறிய சட்டம் அது. பழைய சட்டத்தின் பிரிவு எண்களை மாற்றி, மொழியை எளிமையாக்கியிருக்கிறார்கள். கல்விக் கடன் வட்டிக் கழிவு அதிலும் இருக்கிறது. ஆனால் முன்பு போலவே, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும்தான். இன்னொன்று: 2025-26இல் சம்பாதித்த பணத்துக்கு இப்போது நீங்கள் தாக்கல் செய்யும் கணக்கு 1961 சட்டப்படிதான் போகும். அதனால் கீழே பழைய பிரிவு எண்களையே சொல்கிறேன். ஆடிட்டர் ஆபீசிலும் இன்னும் '80சி' (பி.எஃப்., எல்.ஐ.சி. போன்றவற்றுக்கான கழிவு), '80இ' (கல்விக் கடன் வட்டிக் கழிவு) என்றுதான் பேசுவார்கள்.

இப்போது உங்கள் கணவரின் கணக்கு.

புதிய முறையில் நிலைக் கழிவு, அதாவது சம்பளக்காரர்களுக்கு ரசீது எதுவும் இல்லாமலே கழிக்கும் தொகை, 75,000 ரூபாய். 14,50,000இல் அது போக 13,75,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5%, அதாவது 20,000. 8 முதல் 12 வரை 10%, அதாவது 40,000. மீதி 1,75,000க்கு 15% என்றால் 26,250. மொத்தம் 86,250. அதன் மேல் 4% செஸ் சேர்த்தால் ரூ.89,700.

"12 லட்சம் வரை வரியே இல்லை என்றார்களே, எங்களுக்கு 12க்கு மேல் இருப்பதற்கு மட்டும்தானே வரி வர வேண்டும்?" என்று கேட்பீர்கள். என்னிடம் வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். 12 லட்சம் என்பது விலக்கு வரம்பு அல்ல, தள்ளுபடிக்கான வரம்பு. நிகர வருமானம் 12 லட்சத்துக்குள் நின்றால் கணக்கில் வரும் வரியை, 60,000 ரூபாய் வரை, முழுதாகத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவையும் சேர்த்து 12.75 லட்சம். அதைத் தாண்டினால் 4 லட்சத்திலிருந்தே வரி போடுவார்கள். கோட்டைக் கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி ஒரு நிவாரணம் உண்டு. உங்கள் கணவர் அந்த நிவாரணத்துக்கான எல்லையையும் கடந்துவிட்டார்.

பழைய முறைக்கு வருவோம். நிலைக் கழிவு 50,000தான். 80சியில் 1.5 லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000, கல்விக் கடன் வட்டி 80,000 எல்லாம் கழித்தாலும் 11,45,000 நிற்கும். வரி 1,56,000. செஸ்ஸோடு ரூ.1,62,240. இத்தனை சலுகை எடுத்தும் புதிய முறையைவிட 72,540 ரூபாய் அதிகம் கட்ட வேண்டியிருக்கிறது.

வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் பழைய முறையில் 1,05,560 வரும். அப்போதும் புதிய முறையே மேல். 14.5 லட்சம் சம்பளத்தில் இரண்டு முறையும் சமமாக வேண்டுமென்றால், நிலைக் கழிவு போக இன்னும் சுமார் 5.31 லட்சத்துக்குக் கழிவு காட்ட வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்துக்கொண்டு, சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படிக்கு (HRA) விலக்கும் கேட்பவர்களுக்கு அந்தத் தொகை எட்டலாம். அம்மாப்பேட்டையில் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு எட்டுவது கஷ்டம். ஆக, உங்கள் கணவருக்குப் புதிய முறை. வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வொரு வருடமும் முறையை மாற்றிக்கொள்ளலாம். கம்பெனியில் என்ன எழுதிக்கொடுத்திருந்தாலும், கெடு தேதிக்குள் தாக்கல் செய்யும்போது தேர்ந்தெடுப்பதுதான் இறுதி.

டி.வி.யில் 'சலுகையெல்லாம் போச்சு' என்றவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கணவரும், அதே சம்பளத்தில் பிள்ளைகள் இல்லாத ஒருவரும் புதிய முறையில் ஒரே வரிதான் கட்டுவார்கள். இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ், கடன் வட்டி எதையும் அது கண்டுகொள்ளாது. ஆனால் பழைய முறை ஏதோ அள்ளிக் கொடுத்தது என்று ஏங்கவும் வேண்டாம். 80சி வரம்பு 2014இல் 1.5 லட்சமானது, அதோடு சரி. அதற்குள்தான் பி.எஃப்., எல்.ஐ.சி., வீட்டுக் கடன் அசல், பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் நெருக்கியடித்து உட்கார வேண்டும். இந்தச் சம்பளத்தில் பி.எஃப்.பும் எல்.ஐ.சி.யுமே பெரும்பாலும் அதை நிரப்பிவிடும். ஃபீஸ் ரசீதை ஃபைலில் வைத்திருந்ததுதான் மிச்சம் என்பவர்கள் நிறையப் பேர்.

அந்த ரசீதிலும் கற்பிப்புக் கட்டணம் மட்டும்தான் கணக்கு. மகளின் விடுதி, சாப்பாடு, பஸ், வளர்ச்சி நிதி, நன்கொடை எதுவும் வராது. விடுதிப் பள்ளி ரசீதில் எல்லாம் ஒரே தொகையாக இருந்தால், பிரித்து எழுதித் தரச் சொல்லி வாங்க வேண்டும். பழைய முறையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வேலை. நீங்கள் சும்மா இருக்கலாம்.

கல்விக் கடன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு உதவாவிட்டாலும் நாளைக்கு உதவலாம். 80இ பிரிவில் வட்டி முழுவதையும் கழிக்கலாம், உச்சவரம்பு இல்லை. அசலுக்குக் கிடையாது. வட்டி கட்ட ஆரம்பித்த வருடத்திலிருந்து எட்டு வருடங்களுக்குக் கிடைக்கும். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மகன் படிக்கும்போதே நீங்கள் வட்டி கட்டத் தொடங்கியதால் அந்த எட்டு வருடமும் அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. அதற்காக வட்டியை நிறுத்தாதீர்கள். கட்டாவிட்டால் அது அசலோடு ஏறும், வரியில் மிச்சம் பிடிப்பதைவிட நஷ்டம் பெரிது.

கடன் பத்திரத்தில் உங்கள் கணவர் எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். கடன் வாங்கியவர்களில் ஒருவராக இருந்து, தன் வருமானத்திலிருந்து வட்டியும் கட்டினால் அவர் கேட்கலாம். வெறும் ஜாமீன்தாரர் என்றால் கேட்க முடியாது. கடனும் வங்கி, அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனம், அல்லது அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளையிடம் வாங்கியதாக இருக்க வேண்டும். நம் ஊரில் காலேஜ் ஃபீஸ் என்றால் முதலில் கை போவது பீரோ நகைக்குத்தான். அந்த நகைக் கடன் வட்டிக்கு, ஃபீஸ் கட்டிய ரசீதையே காட்டினாலும் 80இ வராது. மாமன், மச்சானிடம் வாங்கிய கடனும் அப்படித்தான்.

மகன் வேலைக்குப் போய்த் தானே கடனை அடைக்கும்போது, சம்பளம் 12.75 லட்சத்துக்குள் இருந்தால் புதிய முறையில் அவனுக்கு வரியே இல்லை. பிறகு எந்தக் கழிவும் தேவைப்படாது.

உங்கள் காபிக் கணக்கு தனி. கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே கணக்கு என்ற ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. அப்பா கொடுத்த நிலம் என்பதால் அதன் வருமானம் உங்களுடையது, கணவரோடு சேராது. அவர் தன் பணத்தில் உங்கள் பெயரில் வாங்கியிருந்தால்தான் சேரும். காபியைப் பழமாகவோ, காயவைத்து மேல்தோலோடோ விற்றால் முழுதும் விவசாய வருமானம். பதப்படுத்திய கொட்டையாக விற்றால் லாபத்தில் 25% வியாபார வருமானம். உங்களைப் போல வறுத்து அரைத்து விற்றால் 40%. சேர்வராயன் மலையில் சிறு தோட்டம் வைத்திருக்கும் பலர் 'தோட்டம் என்றாலே வரி இல்லை' என்று நினைத்துப் பொடி விற்பனையையும் அதில் போட்டுவிடுகிறார்கள். வருடத்துக்கு 2 லட்சம் லாபம் என்றால் உங்கள் கணக்கில் 80,000 ரூபாய்தான் வரிக்கு உட்படும். வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால் 4 லட்சத்துக்குள் அடங்கிவிடும், வரி இல்லை. விற்பனையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், போதும்.

நோட்டு என்றதும் ஜி.எஸ்.டி. ஞாபகம் வருகிறது. அது நாடாளுமன்றத்தில் முடிவாவதில்லை, மாநில அமைச்சர்களும் இருக்கும் ஜி.எஸ்.டி. மன்றம்தான் விகிதத்தை முடிவு செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பருக்கு வரி இல்லை. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் இல்லை. ஆனால் மகளை நாமக்கல், ராசிபுரம் பக்கம் நீட் கோச்சிங்கில் சேர்த்தால், ஒரு லட்சம் ஃபீஸுக்கு 18,000 ஜி.எஸ்.டி. சேரும்.

மகன் மேற்படிப்புக்கு வெளிநாடு போவதாக இருந்தால் ஒரே ஒரு விஷயம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) கிடையாது. கடன் இல்லாமல் சொந்தப் பணமாக வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு முன்பு 5% பிடித்தார்கள். 2026 பட்ஜெட் அதை 2% ஆக்கியது. கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை வரியில் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, விவாதத்தில் பேசுவதால் ஏதாவது மாறுமா என்று சந்தேகம் இருந்தால்: மாறியிருக்கிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் வீடு, மனை விற்கும்போது லாபத்தைக் கணக்கிட, வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கேற்ப ஏற்றிக்கொள்ளும் பணவீக்கச் சரிக்கட்டலை எடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே அரசே திருத்தம் கொண்டுவந்து, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்துக்குப் புதிய கணக்கையும், சரிக்கட்டலோடு கூடிய பழைய 20% கணக்கையும் ஒப்பிட்டுக் குறைந்ததைக் கட்டலாம் என்றது. நிதி மசோதா பண மசோதா என்பதால் மாநிலங்களவை 14 நாளில் பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். திருத்தம் நடப்பது மக்களவையில். அதனால் கல்விக் கடன் வட்டிக் கழிவைப் புதிய முறையிலும் சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினருக்கு எழுதுவதாக இருந்தால், பிப்ரவரியில் பட்ஜெட் வந்த கையோடு எழுதுங்கள். நிதி மசோதா மார்ச் கடைசியில் நிறைவேறிவிடும். 'நடுத்தர வர்க்கத்துக்குச் சலுகை வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், மேலே போட்ட கணக்கை அப்படியே வைத்து எழுதுங்கள்.