சர்க்கரைவள்ளியைப் பையில் வளர்க்க எதை வாங்கலாம், எதை விடலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பங்கு ஒரே கிழங்கைப் பற்றியது. மாடியிலும் பால்கனியிலும் சர்க்கரைவள்ளி வளர்ப்பவர்களும் வளர்க்க நினைப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 40 × 40 செ.மீ. என்று போட்டிருந்த வளர்ப்புப் பைகள் ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றும் 50 லிட்டர் கொள்ளும் என்று கணக்குப் போட்டு மண் கலவையும் வாங்கிவிட்டேன். நிரப்பினால் பாதிகூடக் கொள்ளவில்லை. பை தவறா, கணக்கு தவறா?

உங்கள் கணக்கு சரிதான். பையின் அளவைச் சொன்ன விதத்தில்தான் வில்லங்கம்.

ஒரு காலிப் பையை மேசைமேல் தட்டையாகப் போட்டு டேப் வைத்து அளந்து பாருங்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை 40 செ.மீ. இருக்கும். அவர்கள் போட்டிருப்பது அதைத்தான். மண் போட்டதும் முன்பக்கமும் பின்பக்கமும் விரிந்து வட்டமாகிவிடும். சுற்றளவு 80 செ.மீ., அதை 3.14-ஆல் வகுத்தால் குறுக்களவு 25 செ.மீ. சொச்சம். 40 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினாலும் 20 லிட்டர்தான் தேறும். அடிப்பகுதி மடிந்து உட்காரும்போது உயரமும் கொஞ்சம் போகும். குறுக்களவே 40 செ.மீ. இருந்தால்தான் நீங்கள் நினைத்த 50 லிட்டர் வரும்.

ஆகவே வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த அளவு தட்டையாக வைத்தா, நிரப்பிய பிறகா?" பதில் சொல்லத் தயங்கினால் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது. வட்ட அடி வைத்துத் தைத்த பைகளில் இந்தக் குழப்பம் குறைவு. அவற்றில் 15 × 15 அங்குலம் என்றால் சுமார் 43 லிட்டர், 18 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் என்றால் சுமார் 50 லிட்டர்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் வருடம் நானும் தட்டை அளவுப் பையை வாங்கி, ஒவ்வொன்றிலும் மூன்று கொடி நட்டேன். நாலு மாதம் கொடி பசேலென்று கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கியது. பையைக் கவிழ்த்தபோது ஓரம் ஓரமாகச் சுருண்ட, சுண்டுவிரல் கனமுள்ள வேர்கள்தான் வந்தன. ஒன்று மட்டும் கைப்பிடி அளவுக்குப் பருத்திருந்தது. அதுவும் பையின் அடியில் முட்டி, கொக்கிபோல் வளைந்து கிடந்தது. உரத்துக்கும் டானிக்குக்கும் கொடுத்த காசைப் பெரிய பையில் போட்டிருக்கலாம் என்று அன்று பட்டது. இன்றும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

ஒரு கொடிக்கு 20 லிட்டர், இரண்டு கொடிக்கு 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 30 செ.மீ. இருந்தால் போதும், அதற்கு மேல் அகலம்தான் முக்கியம். வாங்கிய ஆறு பைகளை வீணென்று நினைக்க வேண்டாம். பைக்கு ஒரு கொடி வீதம் நடுங்கள்.

கேள்வி: 220 ஜி.எஸ்.எம். என்றும் 260 ஜி.எஸ்.எம். என்றும் பை விற்கிறார்கள். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியவில்லை. எப்படிச் சோதிப்பது?

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜி.எஸ்.எம். சமையலறைத் தராசு இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். 15 × 15 அங்குல வட்டப் பைக்குப் பக்கமும் அடியும் சேர்த்து ஏறக்குறைய 0.57 சதுர மீட்டர் துணி பிடிக்கும். 220 ஜி.எஸ்.எம். என்றால் துணி மட்டுமே 125 கிராம் இருக்க வேண்டும். மடிப்பு, தையல், கைப்பிடி எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். தராசு 90 கிராம் காட்டினால் அது 160 ஜி.எஸ்.எம். அளவுக்குத்தான் வரும். எடையைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள், தராசு காட்டும் எண்ணை மறுத்துப் பேசுவது கஷ்டம்.

ஆனால் இந்தக் கிழங்குக்கு ஜி.எஸ்.எம்.-ஐவிட இரண்டு விஷயங்களை நான் முதலில் பார்ப்பேன். ஒன்று, வெயில் தாங்க யு.வி. பாதுகாப்பு தரப்பட்ட துணியா என்பது. அது இல்லையென்றால் கனமான பையும் ஒரு கோடையில் உதிரத் தொடங்கும். இன்னொன்று நிறம். கறுப்புப் பை நேர் வெயிலில் நன்றாகச் சூடேறும், ஓரத்து வேர்கள்தான் முதலில் அடிபடும். வெளிப்பக்கம் வெள்ளையாகவோ வெளிர்நிறமாகவோ இருப்பது நல்லது. கறுப்புதான் கிடைத்தது என்றால் பைகளை நெருக்கி வைத்து, வெயில் படும் பக்கத்தில் பழைய சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: பக்கவாட்டில் கதவு வைத்த பை, மேலே மேலே உயர்த்திக்கொண்டே போகும் பை எல்லாம் கிழங்குக்கென்றே வருகிறதே, வாங்கலாமா?

சர்க்கரைவள்ளிக்கு வேண்டாம். உருளைக்கிழங்கை மனத்தில் வைத்துச் செய்த பைகள் அவை. உருளை என்பது பருத்த தண்டு. மண் அணைக்க அணைக்கச் சில ரகங்களில் மேலேயும் கிழங்கு பிடிக்கும். சர்க்கரைவள்ளி என்பது பருத்த வேர். நட்டபோது மண்ணுக்குள் போன கணுக்களிலிருந்து கிளம்பும் வேர்கள்தான் கிழங்காகும். பையை உயர்த்தி மண் கொட்டுவதால் கூடுதலாக ஒன்றும் வராது. கதவைத் திறந்து திறந்து பார்த்தால் மண் காய்ந்து வெடிக்கும், கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு உள்ளே போக அதுவே வழி.

கேள்வி: இணையத்தில் சர்க்கரைவள்ளி விதை பாக்கெட் வாங்கி விதைத்தேன். முளைத்தது, ஊதாப் பூவும் பூத்தது. கிழங்கே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். சர்க்கரைவள்ளியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. புது ரகம் உருவாக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குத்தான் அதன் விதை தேவை. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு குணத்தோடு முளைக்கும் என்பதால் வீட்டுத் தோட்டத்துக்கு அது உதவாது. உங்களுக்கு வந்தது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு பூக்கொடியின் விதையாகத்தான் இருக்கும். இலையும் பூவும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் ஏமாற்றுவது சுலபம். பாக்கெட்டின் படம், பூவின் படம், தோண்டிய வேரின் படம் மூன்றையும் வைத்துப் புகார் எழுதுங்கள். இந்தக் கொடிகளின் விதையைத் தின்பது நல்லதில்லை. மிச்சம் இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வாங்க வேண்டியது கொடித் துண்டு. 20 முதல் 30 செ.மீ. நீளம், நாலைந்து கணு, நுனிக் கொடியாக இருந்தால் உத்தமம். அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு இரண்டு மூன்று கணுவாவது மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். வேரில்லாத துண்டை அனுப்பிவிட்டார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். அது குறையே இல்லை. நன்கு ஈரமான மண்ணில் சில நாளிலேயே வேர் விடும். உண்மையில், சின்னக் கப்பில் நாள்பட வளர்த்து, வேர் சுருண்டுபோன நாற்றைத்தான் நான் தவிர்ப்பேன். அந்தச் சுருட்டல் கிழங்கிலும் தெரியும்.

தபாலில் வாங்கினால் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். வாடி வந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இலை லேசாகத் துவண்டிருந்தால் பயமில்லை. தண்டு கறுத்துக் கொழகொழத்திருந்தால் வேண்டாம். இலை நெளிந்து, மஞ்சள் தேமலும் வளையமுமாக இருந்தால் அது வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். கொடி வழியாக அது அடுத்த பயிருக்கும் வரும், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: கரும் ஊதா இலையோடு ஒரு தொங்கும் தொட்டிச் செடி, "சர்க்கரைவள்ளிதான், கிழங்கும் வரும்" என்று விற்றார்கள். உண்மையா?

பொய்யில்லை. அதே இனம்தான், கிழங்கும் வைக்கலாம். ஆனால் இலை அழகுக்காகத் தேர்ந்தெடுத்த ரகம். கிழங்கில் ருசி எதிர்பார்க்காதீர்கள். அழகுச் செடிகளுக்குத் உணவுப் பயிருக்கு அடிக்கக் கூடாத மருந்தும் அடித்திருக்கலாம் என்பதால், வாங்கிய கையோடு அதன் இலையைச் சமைக்க வேண்டாம்.

கேள்வி: கலவைக்கு கோகோபீட் என்னும் தென்னைநார்த் தூள் எவ்வளவு வாங்க வேண்டும்? மண்ணே இல்லாமல் வளர்க்கலாம் என்கிறார்களே?

5 கிலோ கட்டி ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை வரும். 40 லிட்டர் பைக்கு மண் இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று போட்டால் ஒரு கட்டி ஆறேழு பைக்கு வரும். மண் களிமண்ணாக இருந்தால் அதில் பாதிக்கு மணல் மாற்றுங்கள். மண்ணே இல்லாமலும் வளரும். ஆனால் சத்து முழுவதையும் நீங்களே அளந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், செலவு அங்கேதான் கூடும்.

கட்டியில் "லோ ஈசி" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், உப்பு கழுவியது என்று அர்த்தம். போடாத கட்டியை ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுச் சேருங்கள். முதல் தண்ணீர் கரும் டீ நிறத்தில் வரும், போகப்போக வெளுக்கும்.

கலவை பொலபொலவென்று இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம். நட்ட முதல் மாதத்தில்தான் எந்த வேர் கிழங்காகும் என்பது முடிவாகிறது. அந்த நாட்களில் மண் இறுகியோ, தண்ணீர் தேங்கியோ, வறண்டோ போனால் வேர் நார் பாய்ந்து பென்சில் மாதிரி நின்றுவிடும். பிறகு எதை ஊற்றினாலும் அது பருக்காது.

கேள்வி: கிழங்கு பருக்க ஒரு டானிக் வாங்கினேன். கொடி காடாக வளர்கிறது. 90 நாளாகியும் கீழே ஒன்றையும் காணோம்.

டப்பாவைத் திருப்பி மூன்று எண்களைத் தேடுங்கள். முதல் எண் தழைச்சத்து (நைட்ரஜன்), இரண்டாவது மணிச்சத்து (பாஸ்பரஸ்), மூன்றாவது சாம்பல்சத்து (பொட்டாசியம்). 19-19-19 போலவோ அதைவிட முதல் எண் பெரியதாகவோ இருந்தால் நீங்கள் பார்க்கும் காட்டுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சர்க்கரைவள்ளிக்குத் தழைச்சத்து கூடினால் கொடிதான் ஓடும். எண்களே போடாமல் கிழங்குப் படம் மட்டும் போட்ட டப்பா என்றால், அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்திருக்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது, இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

இன்றே டானிக்கை நிறுத்துங்கள். கலவையில் மக்கிய உரம் இருந்தால் அதிலுள்ள தழைச்சத்தே போதும். வாங்குவதென்றால் 0-0-50 என்று போட்ட பொட்டாசியம் சல்பேட் சின்னப் பாக்கெட் ஒன்று. 40 லிட்டர் பைக்கு 30-ஆம் நாளும் 60-ஆம் நாளும் ஒரு டீஸ்பூன் எடுத்து, தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். மரச்சாம்பலிலும் சாம்பல்சத்து உண்டு. ஆனால் அது மண்ணைக் காரமாக்கும், இந்தக் கிழங்குக்கோ லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். அப்புறம், 90 நாள் என்பது பல ரகங்களுக்குப் போதாது. 100 முதல் 120 நாள் வரை பொறுத்துப் பாருங்கள், சிலது இன்னும் தாமதமாகும்.

கேள்வி: கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வாங்கலாமா?

நாலைந்து பைக்கு அவசியமில்லை. அதில் ஆண் வண்டு மட்டும்தான் விழும், முட்டை வைப்பது பெண். கொடியின் அடியில் மண் வெடிக்காமல், கிழங்கின் தோள் வெளியே தெரியாமல் மூடி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. துளைபட்ட கிழங்கை வெட்டிப் பாதியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வண்டு கடித்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்பை உண்டாக்குகிறது. அது நமக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

கேள்வி: ஆரஞ்சு ரகம் என்று சொல்லித்தான் கொடி கொடுத்தார்கள். தோண்டி அன்றே வேகவைத்தோம். நிறம் சரி, இனிப்பு துளியும் இல்லை. ரகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

சதை ஆரஞ்சு என்றால் சொன்ன ரகம்தான் வந்திருக்கும். அந்த நிறம் பீட்டா கரோட்டின், உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். அந்த ரகங்களை ஏழை மக்களிடம் கொண்டுசேர்த்ததற்காக மரியா ஆண்ட்ரேட், ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ ஆகியோரும், பயிர்களிலேயே சத்தைக் கூட்டும் முயற்சிக்காக ஹோவர்த் பூயிஸும் 2016-ல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த அளவுக்கு மதிப்புள்ள கிழங்கு, அவசரப்பட்டுக் குறை சொல்லிவிடாதீர்கள்.

அன்று தோண்டிய கிழங்கில் மாவுதான் அதிகம் இருக்கும். மிச்சக் கிழங்குகளைக் கழுவாமல், மண்ணை மட்டும் உதறிவிட்டு, 30 டிகிரி வாக்கில் கதகதப்பான, ஈரப்பதமுள்ள நிழலில் ஒரு வாரம் வையுங்கள். தோலில் பட்ட காயம் ஆறும், மாவு மெல்லச் சர்க்கரையாக மாறத் தொடங்கும். பிறகு இரண்டு மூன்று வாரம் காற்றோட்டமான இடத்தில் கிடக்கட்டும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் நடுப்பகுதி கெட்டிப்பட்டு வேகாமல் போகும். சமைக்கும்போதும் நிதானமாக, குறைந்த தீயில் சூடேற்றுங்கள். மாவைச் சர்க்கரையாக்கும் நொதி 60 டிகிரிக்கு மேல்தான் மும்முரமாக வேலை செய்யும், சட்டென்று கொதிக்கவிட்டால் அதற்கு நேரமே கிடைக்காது. ஒரு மாதம் கழித்து ஒன்றை வேகவைத்து ருசி பாருங்கள். அப்போதும் சப்பென்றுதான் இருக்கிறது என்றால் கொடி கொடுத்தவரிடம் பேசலாம்.