நன்றாக வரைகிற பெண் ஆர்க்கிடெக்ட் ஆகித்தான் தீர வேண்டுமா?

சிவகாசியிலிருந்து ஓர் அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். கணவர் ஆஃப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேன். மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ எழுதி முடித்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே வரைகிறாள், அதனாலேயே இப்போது வீட்டில் சண்டை. "நல்லா வரையறா, அப்ப பி.ஆர்க். போட்டுடு. மேனேஜ்மென்ட் கோட்டாவுல நான் பேசி வாங்கித் தர்றேன்" என்கிறார் அம்மாவின் அண்ணன். பெரியப்பா ஏ.ஐ. என்கிறார். மகள் ஃபைன் ஆர்ட்ஸ் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அதற்குப் பிறகு வாய் திறப்பதில்லை. ஓவிய வகுப்பு மாஸ்டரோ, "கை நல்லா இருக்கு, ஆனா தனக்குன்னு ஒரு ஸ்டைல் இல்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒன்றாம் வகுப்பு நோட்டிலிருந்து நேற்றுவரை வரைந்தவற்றைப் படம் பிடித்து அனுப்பி, "இதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாப் பிள்ளைகளும் கிறுக்குவதுதானா?" என்று கேட்கிறார்.

கவலைப்படாதீர்கள் அம்மா. என் ஆறுதல் அந்த ஒரு வரிதான். மீதி உங்கள் அண்ணனோடு போடுகிற சண்டை, அவரும் படிக்கட்டும்.

பி.ஆர்க். என்பது கட்டடக்கலைக்கான ஐந்து வருடப் படிப்பு. கட்டடத்தின் பளு எப்படித் தரைக்கு இறங்குகிறது, தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது, விதிப்படி எத்தனை அடி இடம் விட வேண்டும், சதுர அடிக்கு என்ன செலவாகும் என்பதெல்லாம் அங்கே பாடம். கையால் வரைவது ஆரம்பத்தில் கொஞ்சம் இருக்கும். அப்புறம் பெரும்பாலும் ஆட்டோகேட், ரெவிட் என்று கம்ப்யூட்டரில் வரைவதுதான். கட்டடத்தின் மேல் ஆசை உள்ளவர்களுக்கு அருமையான தொழில், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களில் உருப்படியாக ஒரு கட்டடம்கூட இல்லை. வீடு வரைந்த இடத்திலும் உங்கள் மகள் சுவரை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற ஆட்களைத்தான் வரைந்திருக்கிறாள். அண்ணன் இதைக் கவனித்தாரா? "வரைகிறாள், ஆகவே ஆர்க்கிடெக்ட்" என்பது நம் ஊரில் வழிவழியாக வருகிற கணக்கு. அந்தக் கணக்கை நம்பிச் சேர்ந்து, மூன்றாம் வருடத்தில் அரியரோடு என் எதிரில் வந்து உட்கார்கிற பிள்ளைகள் உண்டு. ஏ.ஐ. பற்றிப் பெரியப்பாவுக்குத் தனியாகப் பதில் வேண்டாம். பெண் அதைக் கேட்கவே இல்லை.

இப்போது படங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் தரையில் வயது வரிசையாகப் பரப்பி வையுங்கள். எது அழகு என்று பார்க்காதீர்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் எங்கே ஆரம்பிக்கிறாள், எதைப் பெரிதாகப் போடுகிறாள், எதை வரையாமலே விட்டுவிடுகிறாள், எங்கே அழுத்துகிறாள்?

ஆறு வயதில் வரைந்த ஆடு ஒன்று இருக்கிறதே, நீல பால்பாயின்ட் பேனாவில். கொம்பில் ஆரம்பித்துக் கையை எடுக்காமல் முதுகு, வால், நான்கு கால் என்று சுற்றி மறுபடி கொம்புக்கே வந்து சேர்ந்திருக்கிறாள். கால் திரும்பும் இடத்தில் பேனா அழுந்தித் தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது. வயிற்றுக்குள் குட்டி தெரிகிறது. உள்ளே இருப்பதை வெளியே காட்டி வரைவது அந்த வயதில் பல பிள்ளைகளும் செய்வதுதான். அதை வைத்து மேதை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ரோடா கெல்லாக் என்ற அம்மையார் லட்சக்கணக்கான குழந்தை ஓவியங்களைச் சேர்த்துப் பார்த்து, கிறுக்கல்களை 20 அடிப்படை வகைகளாகப் பிரித்தார். சூரியனும் தீக்குச்சி மனிதர்களும் எல்லார் வீட்டு நோட்டிலும் உண்டு. உங்கள் மகளுக்கென்று இருப்பது குட்டி இல்லை, அந்தக் கோடு. அழிக்க முடியாத பேனாவை எடுத்து, தப்பானாலும் நிறுத்தாமல் போகிறாள்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் அந்தக் கோடு காணாமல் போகிறது. பாதி முகத்தை அடைக்கும் அனிமே கண்கள் வருகின்றன. பஞ்சால் தேய்த்து நிழல் போட்ட நடிகர் முகங்கள் வருகின்றன. பரிசு வாங்கியவையும் இவைதான். உங்களுக்குப் பிடித்தவையும் இவைதான்போல, இவற்றுக்கு மட்டும்தான் லேமினேஷன் போட்டிருக்கிறீர்கள்! இந்த வயதில் பிள்ளைகளுக்குத் தாங்கள் வரைவது நிஜம் மாதிரி இல்லையே என்ற கூச்சம் வந்துவிடும். பாதிப் பேர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள், மீதிப் பேர் காப்பியடிப்பார்கள். காப்பியடித்ததில் நஷ்டமில்லை, முகத்தின் அளவும் கையின் மடிப்பும் அப்படித்தான் பிடிபடும். ஆனால் அதை ஸ்டைல் என்று நினைத்து அங்கேயே தங்கிவிடக் கூடாது.

கடைசியாக இயற்பியல் நோட்டின் பின்பக்கம். பஸ்ஸில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிற மூன்று பெண்கள். மறுபடியும் பேனா, மறுபடியும் கையை எடுக்காத கோடு. முதல் பெண்ணின் கொண்டையில் கிளம்பி மூன்றாம் பெண்ணின் மடியில் இருக்கும் டிபன் பாக்ஸில் முடிகிறது. இப்போது எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிகிறது. ஸ்டைல் இல்லை என்று சொன்ன மாஸ்டர் இந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார். நோட்டின் பின்பக்கத்தை யார் கொண்டுபோய் மாஸ்டரிடம் காட்டுவார்கள்?

இப்படித் திரும்பிப் பார்ப்பது ஒன்றும் பிள்ளை விளையாட்டில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்த ஓவியர் பால் கிளே, முறையான பயிற்சியையும் இத்தாலிப் பயணத்தையும் முடித்துக்கொண்டு 1902-ல் பெர்ன் நகரிலிருந்த வீட்டுக்குத் திரும்பியபோது, தான் சிறுவனாக வரைந்த படங்கள் கிடைத்தன. அதுவரை தான் செய்ததிலேயே முக்கியமானவை அவைதான் என்று, பின்னாளில் மனைவியான லில்லிக்கு எழுதினார். 1911-ல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் போடத் தொடங்கியபோது குழந்தைப் பருவப் படங்கள் சிலவற்றையும் அதில் சேர்த்துக்கொண்டார். கலைப்பள்ளியில் பயிற்சிக்காக வரைந்தவற்றைச் சேர்க்கவில்லை. லேமினேஷன் விஷயத்தை இத்தோடு விடுகிறேன்.

கோட்டையே நம்பி வாழ்ந்த ஓவியரைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலத்தின் காந்தி ஓவியங்கள் கறுப்பு வெள்ளைக் கோடுகள்தான். தமிழ்ப் பத்திரிகைகளிலும் புத்தக அட்டைகளிலும் அவர் தலைப்புகளுக்கு வரைந்த எழுத்துகளை இன்றைக்கும் பலர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

அவர் படித்த கல்லூரியைத்தான் உங்கள் மகளுக்கும் சொல்லப்போகிறேன். என்.ஐ.டி., நிஃப்ட் என்கிற டிசைன் கல்லூரிகள், விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பு, அனிமேஷன் பற்றியெல்லாம் நிறைய எழுதியாயிற்று, தாண்டிப் போகிறேன். சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். "பேர் தெரியாத காலேஜ்" என்று அண்ணன் சொன்னால் இதைச் சொல்லுங்கள். பி.எஃப்.ஏ. என்கிற கவின்கலைப் பட்டப்படிப்பு நான்கு வருடம். ஓவியம், சிற்பம் என்றால் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது பலர் விண்ணப்பத்தில் கண்டும் காணாமல் விடுகிற பிரிவு: பிரிண்ட்மேக்கிங், அதாவது அச்சோவியம்.

சிவகாசிக்காரர்களுக்கு அச்சைப் பற்றி நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் இது வேறு அச்சு. மரப்பலகையிலோ லினோலியத்திலோ உளியால் செதுக்கி எடுப்பது ஒரு வகை. செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. எட்சிங் என்பது இன்னொன்று. துத்தநாகத் தகட்டில் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, அதன்மேல் ஊசியால் வரைவார்கள். தகட்டை அமிலத்தில் இறக்கினால் ஊசி கீறிய இடம் மட்டும் அரிக்கும். அதிக நேரம் வைத்தால் கோடு ஆழமாகும், அச்சில் கறுத்து விழும். சீக்கிரம் எடுத்தால் மெல்லிசாக நிற்கும். பிறகு பூச்சைக் கழுவி, மையைத் தேய்த்து உள்ளே இறக்கி, மேலே உள்ளதை வலைத்துணியால் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளை அழுத்தத்தில் ஓட்டுவார்கள். வரைந்தது இடம் வலமாக மாறி வந்து நிற்கும். கல்லில் வரைந்து எடுக்கும் லித்தோகிராஃபும் உண்டு. உங்கள் ஊர் லித்தோ பிரஸ்களுக்கு மூலம் அதுதான், வீட்டுக்காரரிடம் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். எடுத்த பிரதிகளின் கீழே பென்சிலால் 3/15 என்று எழுதியிருப்பார்கள், பதினைந்தில் மூன்றாவது என்று அர்த்தம். ஒரே படத்தைப் பல பேருக்கு விற்கலாம் என்பதை உங்கள் அண்ணன் கவனிக்கட்டும்.

ஏன் இந்தப் பிரிவு என்றால், ஆறு வயதில் தாள் கிழிய அழுத்திய கைக்கு ரப்பர் தேவைப்படவில்லை. செதுக்கியதையும் அரித்ததையும் லேசில் அழிக்க முடியாது. அந்தத் துணிச்சல் உள்ளவர்களுக்கான வேலை இது. கடைசி முடிவு அவளுடையது. உள்ளே போய்ச் சுடுமண்ணோ துணி வடிவமைப்போ பிடித்துப்போனால் தடுக்காதீர்கள்.

பணத்துக்கு வருவோம், இங்கே நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆயிரங்களில் முடியும். ஹாஸ்டல், கலர், தாள், உளி என்று மேல்செலவு உண்டு, அதற்குத் தயாராக இருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க வேண்டும், சேரும்போதே கல்லூரியில் கேளுங்கள். இன்னொரு பக்கம், மேனேஜ்மென்ட் சீட்டுக்கு லட்சங்களில் கடன். கையெழுத்து அண்ணன் போட்டாலும் தவணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும், வட்டி படிக்கும்போதே ஏற ஆரம்பித்துவிடும். மிஷின்மேன் சம்பளத்தில், பெண் கேட்காத படிப்புக்கு, அந்தக் கடன் வேண்டவே வேண்டாம். சீட்டைப் பிடித்து வைக்க அட்வான்ஸ் என்று யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சோற்றுக்கு என்ன வழி என்று அடுத்த கேள்வி வரும். கேம்பஸில் ஆள் எடுத்துக்கொண்டு போகிற படிப்பு இல்லை இது, ஒளிக்கவில்லை. சென்னையில் 1994 முதல் இயங்கும் தாரா புக்ஸ் கையாலேயே ஸ்க்ரீன் பிரிண்ட் செய்த புத்தகங்களுக்கு உலக அளவில் பேர் வாங்கியது. தூலிகா போன்ற சிறுவர் பதிப்பகங்களும் ஓவியர்களைத் தேடுகின்றன. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. அத்தனையிலும் படம் போட யாரோ ஒருவர் தேவைப்பட்டார். ஆனால் படம் போடும் கூலி சிறியது, தாமதமாகத்தான் வரும். ஆகவே ஒரு நிலையான வருமானம் பக்கத்தில் வேண்டும். கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் வேலைக்குக் கவின்கலைப் பட்டம் கேட்கிறார்கள். படிப்பு முடிந்த பிறகு அச்சு மிஷினுக்கு எங்கே போவது என்றால், சென்னை கிரீம்ஸ் சாலையில் தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் பட்டறை இருக்கிறது. மேலே படிக்க சாந்திநிகேதன், பரோடா கலைக் கல்லூரிகள் உண்டு.

சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் சேரத் தனி விண்ணப்பம், வரைந்து காட்டும் நுழைவுத் தேர்வு. இன்ஜினியரிங் கவுன்சலிங்கோடு இது வராது, அறிவிப்பைக் கவனிக்காமல் தேதியைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. எதிரில் உள்ளதைப் பார்த்து வரைவதும், மனதிலிருந்து ஒரு காட்சியை அமைப்பதும் கைக்கு வர வேண்டும். அந்தக் கல்லூரி மாணவர்கள் ஸ்கெட்ச் நோட்டோடு ரயில் நிலையத்தில் உட்கார்ந்து வரைவது பழைய வழக்கம். உங்கள் மகள் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் தினமும் ஒரு மணி நேரம் உட்காரட்டும். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், அவளுடைய வேகக் கோட்டுக்கு அதுதான் பயிற்சி. யூடியூப் பார்த்து நடிகர் முகம் வரைவது தேர்வு முடியும்வரை வேண்டாம். யாராவது அவளுடைய படங்களைக் கேட்டால் லேமினேஷன் போட்டவற்றைக் கடைசியில் வையுங்கள், பஸ் பெண்களை முதலில்.

இடங்கள் குறைவு, கிடைக்காமலும் போகலாம். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள், அங்கே பிரிவுகள் குறைவு. இரண்டும் இல்லையென்றால், அந்தப் பதற்றத்தில் அண்ணன் காட்டும் கல்லூரிக்கு ஓட வேண்டாம். உள்ளூரில் ஏதாவது ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வின் இளநிலையை எழுதட்டும், அடுத்த வருடம் மறுபடி நுழைவுத் தேர்வுக்குப் போகட்டும்.