ஃபோபியா என்றால் சரியான பொருள் என்ன? எல்லாப் பயத்தையும் அப்படிச் சொல்லலாமா?

யாரோ உங்களிடம் "உனக்கு அது ஃபோபியாப்பா" என்று போகிற போக்கில் சொல்லியிருப்பார்கள், அது மனதில் உறுத்தித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் அகராதிக் கதை. கிரேக்கத்தில் ஃபோபோஸ் என்றால் அச்சம். அவர்களுடைய போர்க் கடவுள் ஏரிஸின் மகனுக்கும் அதே பெயர். 1877இல் ஆசாஃப் ஹால் கண்டுபிடித்த செவ்வாயின் இரண்டு நிலவுகளில் ஒன்றுக்கும் அதையே வைத்தார்கள். ஆனால் ஆங்கிலத்தில் ஃபோபியா ஒட்டிக்கொண்ட இடமெல்லாம் பயம் இல்லை. ஒற்றைத் தலைவலிக்காரருக்கு வரும் ஃபோட்டோஃபோபியா, வெளிச்சத்தைத் தாங்க முடியாத கண்கூச்சம்தான். தண்ணீர் ஒட்டாத தாமரை இலையை ஹைட்ரோஃபோபிக் என்பார்கள், இலைக்கு என்ன பயம்? செனோஃபோபியாவில் அந்நியர் மீது பயத்தைவிட வெறுப்புதான் அதிகம்.

மருத்துவத்தில் அளவுகோல் வேறு. பயம் ஆபத்தின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும். கரப்பான் பூச்சியைப் பார்த்துக் கத்துவது ஃபோபியா இல்லை. அது இருக்குமோ என்று மாதக்கணக்கில் இரவில் சமையலறைப் பக்கமே போகாமல், தாகத்தோடு படுத்தால் யோசிக்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை, "அப்போ நாங்கள் எல்லாம் பைத்தியமா" என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். எனக்கு இருப்பது கிளாஸ்ட்ரோஃபோபியா, அதாவது மூடிய இடத்துப் பயம். அந்த உரிமையில் பேசுகிறேன்.

என் வேலை செல்போன் டவர் ஏறுவது. நாற்பது மீட்டர் உயரத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு காற்றில் ஆடியபடி ஆன்டெனாவைத் திருப்புவேன். பாம்பு, இருட்டு எதுவும் பிரச்சினை இல்லை. கழுத்து வலிக்கு எம்ஆர்ஐ, அதாவது காந்தத்தை வைத்து உடம்புக்குள் படம் எடுக்கும் ஸ்கேன், எழுதிக் கொடுத்தார்கள். படுக்க வைத்து, கூண்டு மாதிரி ஒன்றை முகத்துக்கு மேல் டக்கென்று பூட்டினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து, ஏதாவது என்றால் அமுக்கலாமாம். குழாய்க்குள் தோள் இரண்டு பக்கமும் உரசியது. மெஷின் சத்தம் ஆரம்பிப்பதற்கு முன்பே அமுக்கிவிட்டேன். சட்டை நனைந்துவிட்டது, நெஞ்சு அடித்தது எனக்கே கேட்டது.

"சார், சின்னப் பசங்களே படுத்துக்கிறாங்க" என்றார் டெக்னீஷியன். வெளியே மச்சினன், "என்ன மாமா, டவர் மேல டீ குடிக்கிற ஆளு நீங்க" என்று சிரித்தான். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவனுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அந்தக் குழாய் ஒன்றும் செய்யாது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்காது, அதுதான் ஃபோபியா.

அப்புறம் வேறொரு சென்டரில் எடுத்தேன். அங்கே ஆள் உள்ளே போகும் குழாயின் துளை, வழக்கமான 60 செ.மீ.க்குப் பதில் 70 செ.மீ. அகலம். உள்ளே போகும் முன்பே கண்ணைத் துணியால் கட்டச் சொன்னேன். மனைவி கூடவே நின்று காலைப் பிடித்துக்கொண்டார். உலோகம் எதுவும் கூடாது என்பதால் தாலிச் சங்கிலியைக் கழற்றி, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். முள் மேல் படுத்த மாதிரிதான் இருந்தது, ஆனால் முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது. இப்போது நானும் போகிறேன்.

என்னை நிஜமாகவே எரிச்சல்படுத்தியது வேறு. ரிப்போர்ட்டோடு ஒரு சிடி கொடுத்து அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார்கள். இந்தக் காலத்தில் யார் லேப்டாப்பில் சிடி போட இடம் இருக்கிறது? டாக்டர்கூட ஃபிலிமைத்தான் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

உங்களுக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்துத்தான் இந்தக் கேள்வி என்றால், புக் செய்யும்போதே துளை எத்தனை செ.மீ., கூட ஒருவரை விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். படத்தை லிங்க்காக அனுப்புவார்களா என்றும்.