சூசோவில் 30,000 யுவான் சம்பளம்: குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 39. கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். சம்பளம் 92,000 ரூபாய். மனைவி பள்ளி ஆசிரியை, அவருக்கு 38,000. மகள் யு.கே.ஜி. முடிக்கிறாள், வருகிற நவம்பரில்தான் ஆறு வயது நிறைகிறது. சீனாவின் சூசோ நகரில் உள்ள ஒரு சீன-பிரிட்டிஷ் கூட்டுப் பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மூன்று ஆண்டு ஒப்பந்தம், மாதம் 30,000 யுவான், வாடகைக்குத் தனியாக 5,000 யுவான் வரை. யுவானுக்கு 12 ரூபாய் என்று பார்த்தால் சம்பளமே 3,60,000 வருகிறது. வீட்டுக் கடன் பாக்கி 24 லட்சம், தவணை 31,000. அப்பா அம்மாவுக்கு மாதம் 20,000 தருகிறேன். இப்போது 25,000 மிஞ்சினால் பெரிது. மனைவி வேலையை விட்டுவிட்டு மூவரும் போகலாமா? மூன்று வருடத்தில் கடன் அடையுமா? ஆகஸ்ட் கடைசியில் வரச் சொல்கிறார்கள். பிளஸ் டூ முடிக்கும் மகனை அங்கே சேர்க்கலாமா என்று அக்காவும் கேட்கிறார்.

பதில்: முதலில் அந்த 3,60,000 ரூபாயை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். அது கைக்கு வருகிற பணம் இல்லை. உங்கள் கேள்விக்கான விடையும் அதில் இல்லை, கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தில் இருக்கிறது. மகள் எந்தப் பள்ளியில் படிக்கப் போகிறாள், அந்தச் செலவு யாருடையது? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த வகைப் பல்கலைக்கழகங்கள் அங்கே இருபது ஆண்டுகளாக இருக்கின்றன. நிங்போவில் பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2004-லும், சூசோவில் சியான் ஜியாவ்தோங்-லிவர்பூல் 2006-லும் தொடங்கின. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஷாங்காய் வளாகமும் குன்ஷானில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் அப்புறம் வந்தவை. பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சீன மாணவர்கள். வாசலில் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும் உங்கள் சம்பளச் சீட்டு சீனச் சட்டப்படிதான் ஓடும். பிரிட்டனில் இருக்கும் நண்பர் சொல்லும் சம்பளக் கணக்கை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

சரி, கைக்கு எவ்வளவு வரும்? சமூகக் காப்பீட்டுக்கு ஊழியரிடம் பிடிப்பது ஓய்வூதியத்துக்கு 8%, மருத்துவத்துக்கு 2%, வேலையிழப்புக்கு 0.5%. கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் மாதம் 2,500 யுவான் என்று வைத்துக்கொள்வோம். வருமான வரியில் ஆண்டுக்கு 60,000 யுவான் எல்லோருக்கும் கழிவு. மிச்சத்தில் முதல் 36,000-க்கு 3%, அடுத்து 1,44,000 வரை 10%, 3,00,000 வரை 20%. உங்கள் சம்பளத்தில் ஆண்டுக்கு 3,60,000 யுவானிலிருந்து கழிவும் காப்பீடும் போக 2,70,000-க்கு வரி கட்ட வேண்டும். அது 37,080 யுவான். எல்லாம் போகச் சராசரியாக மாதம் 24,400 யுவான் கைக்கு வரும். நம் பணத்தில் 2,93,000 ரூபாய்.

சராசரி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே வரியை ஜனவரியிலிருந்து கூட்டிக்கொண்டே போய்ப் பிடிப்பார்கள். ஜனவரியில் உங்களிடம் பிடிப்பது வெறும் 675 யுவான். மார்ச்சிலிருந்து 2,250, ஆகஸ்டிலிருந்து 4,500. ஜனவரியில் 26,800 வந்த அதே வேலைக்கு டிசம்பரில் 23,000 வரும். யாரும் சம்பளத்தைக் குறைக்கவில்லை, கணக்கே அப்படித்தான். நீங்கள் செப்டம்பரில் சேர்வதால் முதல் ஆண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலண்டர் ஆண்டில் 183 நாள் அங்கே இருக்க மாட்டீர்கள், அதனால் அந்த நான்கு மாதத்துக்கு 'அங்கே குடியிருக்காதவர்' என்ற முறையில் மாதாமாதம் தனியாக வரி பிடிப்பார்கள், மூவாயிரத்துச் சொச்சம். பிறகு ஜனவரியில் திடீரென்று கை நிறையப் பணம் வரும். அதைப் பார்த்துவிட்டு ஊரில் சீட்டு எடுப்பது, புது மனைக்கு முன்பணம் கொடுப்பது எல்லாம் வேண்டாம். அடுத்த ஆகஸ்ட் வரை பொறுத்துப் பாருங்கள்.

வாடகைப் படி 5,000 யுவானுக்கு ரசீது கொடுத்தால் வரி கிடையாது. அங்கே ரசீது என்றால் ஃபாபியாவ், அரசு வரி ரசீது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் துண்டுச் சீட்டு செல்லாது. சில வீட்டுக்காரர்கள் ஃபாபியாவ் தரத் தயங்குவார்கள், தந்தால் அவர்கள் வரி கட்ட வேண்டுமே! வாடகை பேசும்போதே அதையும் பேசிவிடுங்கள். வெளிநாட்டு ஊழியருக்கு வாடகை, ஊருக்குப் போய்வரும் செலவு, பிள்ளைகளின் கல்வி, மொழி வகுப்பு ஆகிய படிகளுக்கு இந்த வரிச் சலுகை 2027 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் அதையும் தாண்டுகிறது. அதற்குப் பிறகு படியின் மேல் வரி விழுந்தால் யார் ஏற்பது என்று இப்போதே கேட்டு வையுங்கள். இந்தியா-சீனா வரி ஒப்பந்தத்தில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பொருந்தினால் லாபம், பட்ஜெட்டில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

இந்தியப் பக்கம் உங்களுக்குத் தலைவலி குறைவு. வேலைக்காக ஆகஸ்டில் கிளம்பினால் ஏப்ரலிலிருந்து நீங்கள் இந்தியாவில் இருந்தது 182 நாளுக்குக் குறைவு. அந்த நிதியாண்டிலேயே வரிக்கு என்.ஆர்.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியர்) ஆகிவிடுவீர்கள், சீனச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. விசா தாமதமாகி அக்டோபரில் கிளம்பினால் கதை மாறிவிடும். செப்டம்பர் 28-ஐ எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சம்பளத்தை நேராகக் கோவை வங்கிக்குப் போடச் சொல்லாதீர்கள். சீனக் கணக்கில் வாங்கி, பிறகு என்.ஆர்.இ. கணக்குக்கு, அதாவது வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான என்.ஆர்.ஐ. கணக்குக்கு அனுப்புங்கள். முதலில் இந்தியாவில் வாங்கிய வருமானம் என்றாகிவிட்டால் இங்கே வரி கேட்பார்கள். இருக்கும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக, அதாவது இந்திய வரவு செலவுக்கான என்.ஆர்.ஐ. கணக்காக மாற்றிவிடுங்கள். பி.பி.எஃப். இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது.

பணம் அனுப்புவது துபாயில் இருப்பவர்கள் அனுப்புவது போல மூலைக் கடையில் முடிகிற வேலை இல்லை. வங்கிக்குப் போய்ப் பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், வரி கட்டிய சான்று மூன்றையும் காட்ட வேண்டும். வரி கட்டிய சம்பளத்தை வெளிநாட்டுப் பணமாக மாற்றி அனுப்ப அந்தச் சான்றுதான் சாவி. காகிதம் இல்லாமல் போனால் ஒரு நாளைக்கு 500 டாலர் அளவுதான் மாற்றித் தருவார்கள். யுவான் டாலராகி, டாலர் ரூபாயாகும். இரண்டு இடத்திலும் கொஞ்சம் உதிரும். ஒவ்வொரு முறையும் கட்டணமும் உண்டு. மாதாமாதம் அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். அதற்கு ஏற்றபடி ஆறு மாதத் தவணையும் பெற்றோர் செலவும் என்.ஆர்.ஓ. கணக்கில் கிளம்பும் முன்பே இருக்க வேண்டும், சுமார் மூன்று லட்சம்.

கிளம்பும்போது கையில் வேண்டிய பணம் வேறு. அங்கே வாடகை பெரும்பாலும் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குவார்கள், கூடவே ஒரு மாத முன்பணம். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 5,500 யுவான் என்றால் முதல் நாளே 22,000 யுவான், அதாவது 2,64,000 ரூபாய். முதல் சம்பளம் செப்டம்பர் கடைசியில்தான். நகைக் கடன் வாங்கிப் போகிற நிலை வந்தால் பல்கலைக்கழகத்திடம் முன்பணம் கேளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

இப்போது குடும்பக் கணக்கு. வாடகை 5,500, மின்சாரம் மற்றவை 500, சாப்பாடு 4,500, போக்குவரத்தும் போனும் 600, மழலையர் பள்ளி 3,000, சில்லறைச் செலவு 2,000, ஊருக்கு வர டிக்கெட்டுக்காக மாதம் 1,500. மொத்தம் 17,600. அங்கே குளிர்காலத்தில் மின்கட்டணம் எகிறும். ஹுவாய் நதிக்கு வடக்கே உள்ள நகரங்களில்தான் வீடுகளுக்குப் பொதுச் சூடேற்றும் வசதி உண்டு, சூசோ தெற்கே இருக்கிறது. ஜனவரியில் ஏ.சி.யை வெந்நீர் அடுப்பு மாதிரி ஓடவிட வேண்டியிருக்கும். சைவம் என்றால் வெளியில் சாப்பிடுவதும் எளிதல்ல, காய்கறிப் பொரியலிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. அதனால்தான் சாப்பாட்டுக்குத் தாராளமாக எழுதியிருக்கிறேன்.

வரவு 24,400-உம் வாடகைப் படி 5,000-உம் சேர்த்து 29,400. செலவு போக 11,800 யுவான், ரூபாயில் 1,41,600. தவணையும் பெற்றோர் பணமும் கழித்தால் 90,000. இப்போது மிஞ்சும் 25,000-உடன் ஒப்பிட்டால் கூடுதல் 65,000 ரூபாய். மனைவியின் வேலையை விட்டுக்கொடுத்த பிறகு உங்கள் உண்மையான லாபம் இதுதான். 3,60,000 எங்கே, 65,000 எங்கே பாருங்கள். ஆனாலும் இது நல்ல பணம். மாதம் 70,000 கூடுதலாகக் கடனில் கட்டினால், 8.5% வட்டி என்றாலும் இரண்டேகால் ஆண்டில் கடன் முடியும். மூன்றாவது ஆண்டில் மீதமுள்ள ஒன்பது மாதச் சேமிப்பு முழுக்க உங்களுடையது.

இந்தக் கணக்கு முழுவதும் அந்த 3,000 யுவான் மழலையர் பள்ளியில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு சூசோவின் சர்வதேசப் பள்ளியை வையுங்கள். அங்கே கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் யுவானைத் தொடும், மேல் வகுப்புகளில் தாண்டும். மாதத்துக்கு 16,600. மிச்சம் 11,800 இருந்த இடத்தில் 1,800 பள்ளம் விழும், அதுவும் வீட்டுத் தவணைக்கு முன்பே. இப்படி ஒரு குடும்பத்துக்கு நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். பள்ளிக் கட்டணம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூட இல்லை. 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று போனார்கள். பத்தாவது மாதம் அம்மாவும் பையனும் திரும்பி வந்தார்கள், அம்மாவின் பழைய வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது.

உங்கள் மகளின் வயது உங்களுக்குச் சாதகம். சீனாவில் ஆகஸ்ட் இறுதிக்குள் ஆறு வயது நிறைந்தால்தான் முதல் வகுப்பு. அவள் ஓர் ஆண்டு சீன மழலையர் பள்ளியில் மொழி பழகிவிட்டு அடுத்த செப்டம்பரில் அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் போகலாம், அங்கே கல்விக் கட்டணம் இல்லை. ஐந்து வயதில் மாண்டரின் ஒட்டிக்கொள்ளும், எட்டு வயதில் போராட்டம். ஆனால் மூன்று ஆண்டு கழித்துக் கோவைக்குத் திரும்பும்போது தமிழும் ஆங்கிலமும் எழுதத் தடுமாறுவாள். வீட்டில் மனைவி தினம் ஒரு மணி நேரம் இரண்டையும் சொல்லித்தர வேண்டும். ஆசிரியை என்பதால் அவரால் முடியும். அவருக்குச் சார்ந்திருப்போர் விசாதான் கிடைக்கும், அதில் வேலை பார்க்க முடியாது. எதையும் நம்பிப் பகுதிநேர டியூஷன் என்று இறங்க வேண்டாம், அது உங்கள் வேலைக்கே உலை வைக்கும்.

ஆகவே என் யோசனை இது. ஆகஸ்டில் நீங்கள் மட்டும் போங்கள். ஒற்றை அறை வீட்டில் இருந்தால் மாதம் 19,000 யுவான் வரை மிஞ்சும், இங்கே மனைவியின் சம்பளமும் தொடரும். அந்த மிச்சத்தில் வாடகை முன்பணம், ஆறு மாதக் கையிருப்பு எல்லாம் சேர்ந்துவிடும். மகளை ஜூனில் கோவையிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் பிப்ரவரியில் அவளும் மனைவியும் வரட்டும், செப்டம்பருக்கு முன் அவளுக்கு ஆறு மாத மொழிப் பழக்கம் கிடைக்கும். அதற்குள் நீங்கள் அருகிலுள்ள அரசுப் பள்ளி வெளிநாட்டு ஊழியர் பிள்ளைகளைச் சேர்க்கிறதா என்று நேரில் விசாரித்திருப்பீர்கள். மனைவி ராஜினாமா செய்ய வேண்டாம், ஊதியமில்லா விடுப்பு கேட்டுப் பார்க்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: பிள்ளைக் கல்விப் படி உண்டா, எவ்வளவு, மருத்துவக் காப்பீடு மனைவி, மகளுக்கும் சேர்த்தா, விமான டிக்கெட் எத்தனை பேருக்கு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் எத்தனை மாதம் முன்பு சொல்வார்கள். 'வழக்கமாகத் தருவோம்' என்று பதில் வந்தால் அது பதில் இல்லை. தொகை வேண்டும். டேர்ம் இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் இங்கிருந்து கிளம்பும் முன் எடுங்கள், சீனாவில் வேலை என்பதை மறைக்காமல் சொல்லி. திரும்பி வரும்போது ஓய்வூதியத்தில் உங்கள் பங்கான 8%-ஐ விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம். நாட்டை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் பலர் மறக்கும் பணம் அது.

அக்கா மகன் விஷயம். அங்கே படித்தால் சீனப் பட்டமும் வெளிநாட்டுப் பட்டமும் இரண்டும் கிடைக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, சர்வதேச மாணவர்களுக்கு உதவித்தொகையும் தருகிறார்கள். ஆனால் மாணவர் விசாவில் அனுமதி வாங்காமல் பகுதிநேர வேலை பார்க்க முடியாது. ஆஸ்திரேலியா போனவன் மாதிரி கடையில் நின்று சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்கலாம் என்று அக்கா நினைத்தால் நடக்காது. இரண்டு வருடம் சூசோ, இரண்டு வருடம் லிவர்பூல் என்ற பாதையும் இருக்கிறது, பின்பாதிக்கு பிரிட்டன் கட்டணமும் பிரிட்டன் செலவும் விழும். நான்கு வருட மொத்தத் தொகையை ஒரே தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். மாமா அங்கே இருக்கிறார் என்பதால் தங்கும் செலவு மிச்சம் என்று யாராவது ஆரம்பித்தால், ஒப்பந்தம் மூன்று ஆண்டுதான், அவன் படிப்பு நான்கு ஆண்டு என்று சொல்லிவிடுங்கள்.