குன்னூர் கடை: அழைப்பு 32 வினாடியில் அறுந்துபோவது பற்றி

ரூட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ (இணைய அழைப்புச் செய்திகளில் உள்ள முகவரியை ரூட்டரே மாற்றி எழுதும் வசதி) என்ற அமைப்பை அணைத்துவிட்டு, ரூட்டரையும் தொலைபேசிகளையும் ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள்.

இணையத் தொலைபேசிக்கு மாறியபின், தேயிலைக் கடைக்கு வரும் அழைப்புகள் எல்லாம் சரியாக 32 வினாடியில் அறுகின்றன என்கிறீர்கள். அந்த எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நீங்கள் அழைப்பை எடுத்ததும் உங்கள் தொலைபேசி அனுப்பும் பதிலுக்கு மறுமுனையின் உறுதிச் செய்தி வராவிட்டால், அது அவ்வளவு நேரம் காத்திருந்து இணைப்பைத் துண்டித்துவிடும். பெரும்பாலும் ரூட்டர் முகவரியை மாற்றி எழுதுவதால்தான் அந்த உறுதிச் செய்தி வழி தவறுகிறது.

கடையின் இணையத் தொலைபேசிக் கணக்கையே கைப்பேசிச் செயலியில் போட்டு, வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் வரும் அழைப்பை எடுத்து ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். அறுபடாவிட்டால் சிக்கல் கடை ரூட்டரில்தான்.

மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால் இணையத் தொலைபேசி வேலை செய்யாது. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் யுபிஎஸ் அவசியம். 108ஐ அழைக்கக் கைப்பேசி ஒன்று கடையிலேயே இருக்கட்டும்.