லண்டனின் பழைய பப்களில் ஒரு மாலை: கேள்வி பதில்

ஃப்ளீட் ஸ்ட்ரீட், ஹோபர்ன் பக்கத்துப் பழைய பப்களுக்கு நண்பர்களைப் பல வருடங்களாகக் கூட்டிப்போகிறேன். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, வேலை விஷயமாக லண்டன் வருகிறேன். ஒரு மாலைதான் கையில் இருக்கிறது. எத்தனை பப் பார்க்கலாம்?

நாலு. ஐந்தாவது பப்பில் யாரும் சுவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை. யி ஓல்ட் மைட்டரில் ஐந்து மணிக்கு ஆரம்பியுங்கள். அப்புறம் ஹை ஹோபர்னில் சிட்டி ஆஃப் யார்க், சான்சரி லேன் வழியாக இறங்கி ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் செஷயர் சீஸ், கடைசியாக பிளாக்ஃபிரையர். மொத்தம் 2 கிலோமீட்டர் நடை வரும். வேலைநாளில் போங்கள். இது அலுவலகப் பகுதி, சனி ஞாயிறில் வெறிச்சோடிவிடும். மைட்டர் வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரைதான்.

அந்த மைட்டரைத் தேடி இரண்டு முறை போய், கண்ணில் படாமலே திரும்பிவிட்டேன் சார்.

நிறையப் பேருக்கு இதே கதைதான். ஹாட்டன் கார்டன் நகைக்கடைத் தெருவில் 8ஆம் எண்ணுக்கும் 9ஆம் எண்ணுக்கும் நடுவே ஒரு சந்து போகும். எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும், அவ்வளவு ஒடுக்கம். ஈலி பிஷப்பின் வேலையாட்களுக்காக 1546இல் தொடங்கிய இடம் அது. இப்போதிருக்கும் கட்டடம் 1772 வாக்கில் எழுந்தது. முன்னறை மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செர்ரி மரத்தின் அடித்தண்டு இருக்கிறது. முதலாம் எலிசபெத் அதைச் சுற்றி ஆடினார் என்பது காலங்காலமாகச் சொல்லும் கதை. கதை கிடக்கட்டும், மரத்தைப் பாருங்கள். கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பீர் சில்லென்றே இல்லையே? ஏமாற்றுகிறார்களா?

இல்லை. நீங்கள் குடித்தது கேஸ்க் ஏல். பீப்பாய்க்குள்ளேயே கடைசிவரை நொதித்து, நிலவறையிலிருந்து கைப்பம்பால் இழுத்து ஊற்றுவது. வாயு அடைத்துத் தள்ளுவதில்லை. 11 முதல் 13 டிகிரியில் கொடுத்தால்தான் அதன் மணம் நாக்குக்குத் தெரியும். இந்த வகை பீர் அழிந்துவிடும் நிலை வந்தபோதுதான், 1971இல் குடிப்பவர்களே சேர்ந்து கேம்ரா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முழு பைண்ட் 568 மில்லி. நாலு இடம் போகிறவர்கள் அரை பைண்டாகக் கேளுங்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், நம்ம ஊருக்காகச் செய்த பீர் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. நம்ம ஊருக்கென்று புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ அதிகம் போட்ட பீர் வெயிலையும் நீண்ட பயணத்தையும் தாங்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த சங்கதி. கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தலைவர்களுக்கு இந்த மாதிரி பீரை விற்றது. அது மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் போய், அங்கிருந்த வெள்ளைக்காரர்களிடம் பெயர் வாங்கியது. இந்தியா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

நான் குடிக்க மாட்டேன், சைவம் வேறு. கணவரின் நண்பர்களோடு வருகிறேன். எனக்கு அங்கே என்ன இருக்கும் அண்ணா?

தாராளமாக வாருங்கள்மா. லைம் அண்ட் சோடா எல்லா இடத்திலும் உண்டு, விலையும் குறைவு. சைட் டிஷ்ஷுக்குத் தடி சிப்ஸ் வாங்கலாம். ஆனால் சில கடைகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள், என்ன எண்ணெய் என்று முதலில் கேட்டுவிடுங்கள். சிட்டி ஆஃப் யார்க்கில் பின் கூடத்துக்குப் போய் உட்காருங்கள். கல்யாண மண்டபம் போல உயரமான கூரை, பாருக்கு மேலே வரிசையாகப் பெரிய பீப்பாய்கள், ஓரத்தில் ரயில் பெட்டி மாதிரி சின்னச் சின்ன மர அறைகள். பழங்காலம் போலத் தெரியும், கட்டியது 1920களில்தான். எனக்கு அதனால் மதிப்பு குறையவில்லை.

ஆர்டர் எடுக்க யாருமே வரவில்லை, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

வர மாட்டார்கள். பாருக்குப் போய் நிற்க வேண்டும், அங்கேயே காசு. டிப்ஸ் பழக்கம் இல்லை. கூட்டமாகப் போனால் ஆளுக்கொரு ரவுண்டு, அதாவது முறைவைத்து ஒவ்வொருவரும் எல்லோருக்கும் வாங்க வேண்டும். உங்கள் முறை வரும்போது மறந்துவிடாதீர்கள்.

செஷயர் சீஸில் டாக்டர் ஜான்சன் உட்கார்ந்த இடம் எது?

பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான்சனின் வீடு பக்கத்திலேயே, காஃப் சதுக்கத்தில்தான் இருக்கிறது. 1755இல் வெளிவந்த ஆங்கில அகராதியை அங்கேதான் தொகுத்தார். ஆனால் அவர் பின்னாலேயே அலைந்து எல்லாவற்றையும் குறித்த பாஸ்வெல், இந்தப் பப்பைப் பற்றி எழுதவில்லை. அதனால் அந்த இருக்கையைத் தேடவே வேண்டாம். 1666 லண்டன் பெருந்தீயில் எரிந்து மறு வருடமே திரும்பக் கட்டிய பப் என்பதே போதும். வாசலில், அதற்குப் பிறகு ஆண்ட அரசர்களின் பட்டியல் இருக்கும். உள்ளே ஜன்னல் வெளிச்சம் குறைவு, தரையில் மரத்தூள், படிகள் தேய்ந்து குழிந்திருக்கும். தலையைக் குனிந்து நிலவறைக்கு இறங்குங்கள். இதுவும் சிட்டி ஆஃப் யார்க்கும் சாமுவேல் ஸ்மித் ஆலையின் கடைகள். அவர்கள் சொந்தத் தயாரிப்பு மட்டும் கிடைக்கும், பாட்டு, டிவி கிடையாது. 2019இல் செல்போனுக்கும் தடை போட்டார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும் அறை இன்று எங்கே கிடைக்கிறது?

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

பிளாக்ஃபிரையர். யோசிக்கவே வேண்டாம். டொமினிக்கன் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகளின் மடம் இருந்த இடத்தில், 1875இல் கட்டிய முக்கோண வீடு. 1905இல் ஃபுல்லர் கிளார்க் என்ற கட்டடக் கலைஞரும் ஹென்றி பூல் என்ற சிற்பியும் உள்ளே முழுக்கத் துறவிகளால் நிரப்பிவிட்டார்கள். பளிங்கு, செம்பு, மொசைக், எங்கே திரும்பினாலும் ஒரு துறவி பாடுகிறார், பழம் பறிக்கிறார். 1960களில் இதை இடிக்கவிருந்தார்கள். கவிஞர் பெட்ஜமன் போன்றவர்கள் போராடித்தான் தடுத்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும்.

ஒரு செம்புப் புடைப்புச் சிற்பத்தில் துறவிகள் மீனும் விலாங்கும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மேலே 'நாளை வெள்ளிக்கிழமை' என்று எழுதியிருக்கும். வெள்ளியன்று இறைச்சி ஆகாது, அதனால் வியாழனே மீனுக்கு இறங்கிவிட்டார்கள்! அதைப் பார்த்துவிட்டு, ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் உள் அறைக்குப் போங்கள். குனிந்த மொசைக் கூரையின் கீழே சின்ன மேஜைகள். ஆறு மணிக்கு முன்னால் போனால் இடம் கிடைக்கும். திரும்பிப் போக ஸ்டேஷன் எதிரிலேயே இருக்கிறது.